அந்தமானைக் கைவிட்டாரா ரூஸ்வெல்ட்? 1943-ல் கெய்ரோவில் எடுத்த ஒரு முடிவின் கதை

1943 டிசம்பர் 5. எகிப்தின் கெய்ரோ நகரில் இருந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு மிகச் சுருக்கமான ஒரு தகவல் அனுப்பினார். 'பக்கனீர்' என்ற ராணுவத் திட்டம் ரத்து. அவ்வளவுதான்.

பக்கனீர்னா என்ன? ஜப்பானின் பிடியில் இருந்த அந்தமான் தீவுகளை 1944 மார்ச் வாக்கில் கடல் வழியாகத் தாக்கிக் கைப்பற்றும் திட்டம். அது ரத்தானதால் அந்தமான் மேலும் 22 மாதங்கள், 1945 அக்டோபர் வரை, ஜப்பானிய ராணுவத்தின் கீழேயே இருந்தது. அந்த 22 மாதங்களில் தீவு மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பட்டினி கிடந்தார்கள், கடலில் தள்ளப்பட்டார்கள்.

அப்படின்னா அந்தச் சாவுகளுக்கு ரூஸ்வெல்ட் பொறுப்பா? போர்ட் பிளேரின் பத்துபஸ்தியில் இருந்து பார்த்தால் 'ஆமாம்' என்று சொல்லத் தோன்றும். வாஷிங்டனில் இருந்து பார்த்தால் இப்படி ஒரு கேள்வியே எழாது. ரெண்டு பார்வையும் போதாது. முதலில் அந்த மனிதர் யார், அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார் என்று பார்த்துவிட்டு, பிறகு தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம்.

பணக்கார வீட்டு ஒற்றைப் பிள்ளை

ரூஸ்வெல்ட் பிறந்தது 1882 ஜனவரி 30-ல், நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பரம்பரைச் சொத்துள்ள குடும்பம். அம்மா சாரா டெலனோவின் அப்பா சீனாவோடு வியாபாரம் செய்து சம்பாதித்தவர். அந்த வியாபாரத்தில் அபினும் அடக்கம். சின்ன வயதில் கேட்ட சீனக் கதைகளோ என்னவோ, அந்த நாட்டின் மீது ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு ஒட்டுதல் கடைசி வரை இருந்தது. அந்தமான் கதைக்குள் சீனா நுழைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹார்வர்டில் பட்டம், கொலம்பியாவில் சட்டப் படிப்பு. 1905-ல் தூரத்து உறவினரான எலினோரைத் திருமணம் செய்தார். 1910-ல் நியூயார்க் மாநில செனட்டுக்குத் தேர்வானார். 1913 முதல் 1920 வரை அமெரிக்கக் கடற்படையின் துணைச் செயலர். முதல் உலகப் போர் அந்தக் காலத்தில்தான் நடந்தது. எத்தனை கப்பல் இருக்கிறது, எங்கே நிற்கிறது, எது எங்கே போனால் எது நின்றுபோகும் என்கிற கணக்கை அவர் பழகியது இந்தப் பதவியில்தான்.

39 வயதில் எல்லாம் மாறிப்போச்சு

1920-ல் துணை அதிபர் வேட்பாளராக நின்று தோற்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 39 வயதில், இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. போலியோ என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதன்பிறகு துணையில்லாமல் அவர் நடக்கவே இல்லை. காலில் இரும்புச் சட்டங்களை மாட்டிக்கொண்டு, மகனின் கையையோ உதவியாளரின் கையையோ பிடித்தபடி மேடையில் நிற்கப் பழகினார். சக்கர நாற்காலியில் இருக்கும் படங்கள் வெளிவராமல் பார்த்துக்கொண்டார்.

அரசியல் வாழ்க்கை முடிஞ்சுதுன்னு பலர் நினைத்த ஏழே ஆண்டுகளில், 1928-ல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். 1933 மார்ச்சில் அதிபரானார். அப்போது அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. 'நியூ டீல்' என்ற பெயரில் அவர் கொண்டுவந்த திட்டங்கள்தான் வங்கி வைப்புத்தொகைக்குக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம், அரசுச் செலவில் வேலைவாய்ப்பு ஆகியவற்றை அங்கே வழக்கமாக்கின. நான்கு முறை அதிபராகத் தேர்வானவர் அவர் ஒருவர்தான். 1951-ல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இன்னொருவர் அப்படி வரவும் முடியாது.

ஆசியப் போர் எப்படி வந்தது?

1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் முழு அளவில் போர் தொடுத்தது. 1941-ல் பிரெஞ்சு இந்தோசீனாவின் தெற்குப் பகுதிக்குள்ளும் ஜப்பானியப் படை நுழைந்ததும், ரூஸ்வெல்ட் அரசு ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. எண்ணெய் விற்பனையும் நின்றுபோனது. அந்த ஆண்டு டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. அமெரிக்கா போரில் இறங்கியது.

அடுத்த நான்கு மாதத்தில் மலாயா, சிங்கப்பூர், ரங்கூன் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. பிரிட்டிஷார் தங்கள் காவல் படையை அந்தமானிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். 1942 மார்ச் 23-ல் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியபோது அங்கே எதிர்ப்பே இல்லை. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் அதே ஊர்தான்.

1941 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 33,768. இப்போதைய ஒரு பேரூராட்சி அளவு. இந்த எண்ணையும் ஓரமாக வைத்துக்கொள்வோம்.

தீவுக்குள் என்ன நடந்தது?

ஆக்கிரமிப்பின் முதல் சில நாட்களிலேயே சுல்ஃபிகர் அலி என்ற இளைஞரைப் பொது இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். பிறகு உளவு வழக்குகள் தொடங்கின. தீவுகளுக்கு வரும் ஜப்பானியக் கப்பல்கள் அடிக்கடி தாக்கப்பட்டன. யாரோ உள்ளூர்க்காரர்தான் தகவல் அனுப்புகிறார் என்று ராணுவம் சந்தேகித்தது.

உண்மையில் வெளியிலிருந்து உளவாளிகள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். போர்ட் பிளேரில் முன்பு காவல்துறை அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தியின் குழு, 1943 ஜனவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து ரகசியமாகக் கரையேறித் தகவல் திரட்டியது. ஆனால் செல்லுலார் சிறையில் அடிபட்டவர்கள் ஆசிரியர்கள், மருத்துவர்கள், அரசு ஊழியர்கள்.

அவர்களில் ஒருவர் டாக்டர் திவான் சிங். 'காலேபானி' என்ற பெயரில் எழுதிய பஞ்சாபிக் கவிஞர். அந்தமானில் இந்திய சுதந்திர லீகின் தலைவர். அதாவது, ஜப்பானின் ஆதரவோடு இயங்கிய அமைப்புக்கே தலைவர். அவரையும் 1943 அக்டோபரில் கைது செய்தார்கள். கெய்ரோவில் தலைவர்கள் கூடியபோது அவர் சிறைக்குள் சித்திரவதையில் இருந்தார்.

கெய்ரோவில் கொடுத்த வாக்கு

1943 நவம்பர் 22 முதல் 26 வரை கெய்ரோவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், சீனத் தலைவர் சியாங் கை ஷேக் மூவரும் சந்தித்தார்கள். வடக்கு பர்மாவில் சீனப் படையை இறக்க வேண்டுமானால் வங்கக் கடலில் நேச நாடுகள் பெரிய கடல் தாக்குதல் ஒன்றை நடத்த வேண்டும் என்பது சியாங்கின் நிபந்தனை. அதைச் செய்வதாக ரூஸ்வெல்ட் வாக்குக் கொடுத்தார். அந்தத் தாக்குதலுக்குக் குறித்திருந்த இடம் அந்தமான்.

சர்ச்சிலுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கண் சுமத்ராவின் மீது இருந்தது. தென்கிழக்கு ஆசியத் தளபதி மவுண்ட்பேட்டன் கேட்ட ஆள் கணக்கும் அவருக்கு வசதியாகப் போனது. தீவில் இருந்த சுமார் 5,000 ஜப்பானியர்களுக்கு எதிராக சுமார் 50,000 பேர் வேண்டும் என்றார் மவுண்ட்பேட்டன்.

கெய்ரோவிலிருந்து ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் டெஹ்ரான் போனார்கள். அங்கே ஸ்டாலின் ரெண்டு விஷயம் சொன்னார். ஜெர்மனி தோற்றதும் சோவியத் படை ஜப்பானுக்கு எதிராக இறங்கும். அதற்கு முன் பிரான்சில் நேச நாடுகள் கட்டாயம் இறங்க வேண்டும், வடக்கே நார்மண்டியிலும் தெற்கே மத்தியதரைக் கடல் பக்கத்திலும்.

இங்கேதான் கப்பல் கணக்கு வந்தது. படைவீரர்களையும் டாங்கிகளையும் நேராகக் கடற்கரையில் இறக்கும் தரையிறங்கு கப்பல்கள் அப்போது எங்கேயும் போதவில்லை. ஒரே டீம், மூணு டெட்லைன் மாதிரியான நிலைமை. நார்மண்டி, தெற்கு பிரான்ஸ், அந்தமான் மூன்றுக்கும் சேர்த்துக் கப்பல் இல்லை. பசிபிக்கில் அமெரிக்கக் கடற்படையிடம் இருந்ததை எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அங்கேயும் அப்போது தீவு தீவாகப் போர் நடந்துகொண்டிருந்தது.

கெய்ரோவுக்குத் திரும்பியதும் முதலில் ரூஸ்வெல்ட் பிடிவாதமாக இருந்தார். சீனாவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்பது அவர் வாதம். அவருடைய படைத் தளபதிகளும் தாக்குதல் வேண்டும் என்றே நின்றார்கள். டிசம்பர் 5 அன்று அவர்கள் பேச்சை மீறித் திட்டத்தைக் கைவிட்டார். தன் படைத் தலைமையின் கருத்துக்கு எதிராக அவர் முடிவெடுத்த சில சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. வங்கக் கடலுக்கென்று இருந்த தரையிறங்கு கப்பல்கள் மத்தியதரைக் கடலுக்குத் திரும்பின.

தேதிகளை வரிசையாகப் பார்ப்போம்

1943 டிசம்பர் 5: பக்கனீர் ரத்து.

1943 டிசம்பர் 29: சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேர் வருகிறார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றுகிறார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டப்படுகிறது. சிறைக்குள் நடந்தது அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது இன்றும் விவாதம்.

1944 ஜனவரி 14: 82 நாள் சித்திரவதைக்குப் பிறகு திவான் சிங் சிறையில் இறக்கிறார்.

1944 ஜனவரி 30: உளவுக் குற்றச்சாட்டில் 44 பேர் ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டுபோகப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். வாஷிங்டனில் அன்று ரூஸ்வெல்ட்டுக்கு 62-வது பிறந்தநாள்.

1944 பிப்ரவரி: போஸ் நியமித்த ஏ.டி. லோகநாதன் தலைமை ஆணையராக வந்து சேர்கிறார். சென்னையில் பிறந்த தமிழர், மருத்துவர். பதவி கையில் இருந்தது. காவல்துறை மட்டும் ஜப்பானியர் கையிலேயே இருந்தது. சில மாதங்களில் உடல்நலமும் கெட்டு, தீவை விட்டுப் போகிறார்.

1944 ஜூன் 6: நார்மண்டியில் நேசப் படைகள் இறங்குகின்றன.

1945 ஆகஸ்ட்: தீவில் உணவே இல்லாத நிலை. வேறு தீவில் பயிர் செய்யலாம் என்று சொல்லிப் போர்ட் பிளேரிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைப் படகுகளில் ஏற்றி, ஹேவ்லாக் அருகே கடலில் இறங்க வைக்கிறார்கள். பெரும்பாலானோர் மூழ்கிப் போனார்கள். கரை சேர்ந்தவர்களிலும் பலர் பசியால் செத்தார்கள். உயிரோடு திரும்பியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

1945 அக்டோபர்: ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் முறைப்படி சரணடைகிறது.

இந்த வரிசையைக் கவனமாகப் பாருங்க. கெய்ரோ முடிவுக்கும் ஹம்ஃப்ரிகஞ்சுக்கும் இடையில் 56 நாள். திட்டம் ரத்தாகாமலே இருந்திருந்தாலும் தாக்குதல் மார்ச் வாக்கில்தான். திவான் சிங்கையும் அந்த 44 பேரையும் அது காப்பாற்றியிருக்காது. மாறியிருக்கக்கூடியது அதற்குப் பிந்தைய 1944, 1945 பஞ்சமும், ஹேவ்லாக் கடலில் நடந்ததும்.

'மாறியிருக்கக்கூடியது' என்றுதான் சொல்ல முடியும். 50,000 பேர் இறங்கும் முன்னால் போர்க்கப்பல்களும் விமானங்களும் அந்தச் சின்ன ஊரின் மீது குண்டு மழை பொழிந்திருக்கும். சுற்றி வளைக்கப்பட்ட ஜப்பானியப் படை பொதுமக்களை என்ன செய்யும் என்பதற்கு 1945 பிப்ரவரியில் மணிலா ஒரு பதில். அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் அந்த நகரை மீட்ட ஒரு மாதப் போரில், படுகொலையிலும் பீரங்கி வீச்சிலும் சேர்த்து சுமார் ஒரு லட்சம் மக்கள் இறந்தார்கள்.

அப்போ எப்படித்தான் எடைபோடுவது?

போர்க்கால முடிவு எதுவானாலும் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். முடிவெடுத்தவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும்? அவர் கையில் வேறு வழி இருந்ததா? அந்த வழியில் உயிர்கள் மிஞ்சியிருக்குமா?

அந்தமான் விஷயத்தில், கப்பல் பற்றாக்குறை உண்மை. நார்மண்டி தள்ளிப்போனால் ஐரோப்பாவில் நாஜி முகாம்கள் அத்தனை நாள் கூடுதலாக இயங்கும் என்பதும் உண்மை. அந்தமானில் இறங்கியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ராணுவ முடிவாகப் பார்த்தால் அதைக் குற்றம் என்று சொல்வது கஷ்டம். வாக்கைக் கொடுத்துவிட்டுப் பத்தே நாளில் மாற்றியது சியாங்குக்குச் செய்த துரோகம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதே மூன்று கேள்வியை ரூஸ்வெல்ட்டின் வேறு ரெண்டு முடிவுகளிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது.

ஒன்று, 1942 பிப்ரவரி 19-ல் அவர் கையெழுத்திட்ட 9066-ம் எண் ஆணை. அதை வைத்து மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து பிடுங்கி முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் ரெண்டு பங்குப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். தேவையில்லை என்று அவருடைய சொந்த அட்டர்னி ஜெனரலே எதிர்த்தார். விஷயம் தெரிந்திருந்தது, வேறு வழி இருந்தது, அவர் அதை எடுக்கவில்லை. 1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. 1943 வங்காளப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பீடுகள் உண்டு. முந்தைய ஆண்டு கப்பல் ஒதுக்கத் தயங்கிய சர்ச்சில், 1944 ஏப்ரல் கடைசியில் ஆஸ்திரேலியக் கோதுமையை இந்தியாவுக்குக் கொண்டுவர அமெரிக்கக் கப்பல்கள் வேண்டும் என்று ரூஸ்வெல்ட்டிடம் கேட்டார். ராணுவத் தேவையைக் காட்டி ஜூன் தொடக்கத்தில் ரூஸ்வெல்ட் மறுத்தார். இங்கேயும் கப்பல்தான் காரணம், இங்கேயும் நார்மண்டிதான் பின்னணி. ஆனால் கேட்கப்பட்டது உணவு ஏற்றும் சரக்குக் கப்பல்கள். பட்டினி நடப்பது உலகுக்கே தெரிந்திருந்தது. ஒரு கப்பல் கோதுமை எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று கணக்குப் போடவும் முடியும். அந்தமான் முடிவுக்குக் கிடைக்கும் நியாயம் இந்த மறுப்புக்குக் கிடைக்காது.

இந்தியா மீது அவருக்கு அக்கறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1942-ல் இந்தியர்களுக்கு ஆட்சியில் இடம் கொடுக்கச் சொல்லி சர்ச்சிலுக்கு எழுதினார். லூயிஸ் ஜான்சனைத் தன் தனிப் பிரதிநிதியாக டெல்லிக்கு அனுப்பினார். அந்த ஜூலையில் காந்தியும் ரூஸ்வெல்ட்டுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். சர்ச்சில் கடுமையாக எதிர்த்ததும் ரூஸ்வெல்ட் பின்வாங்கினார். இந்தியாவின் விடுதலையை விட லண்டனோடு கூட்டணி அவருக்கு முக்கியமாகப் பட்டது.

யார் கணக்கிலும் வராதவர்கள்

கெய்ரோ விவாதத்தில் ஒரு விஷயம் உறுத்துகிறது. தாக்குதல் வேண்டும் என்றவர்களுக்கு அந்தமான் என்பது சீனாவைப் போரில் வைத்திருக்க ஒரு துருப்புச் சீட்டு. வேண்டாம் என்றவர்களுக்கு அது வீண் செலவு. விமானதளம், துறைமுகம், கப்பல் எண்ணிக்கை என்றுதான் பேச்சு ஓடியது. அங்கே வாழ்ந்த 33,000 சொச்சம் பேர் எந்தப் பக்கத்து வாதத்துக்கும் காரணமாக இல்லை. பக்கனீர் நடந்திருந்தாலும் அவர்களுக்காக நடந்திருக்காது.

1951 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 30,971. பத்தாண்டில் 8 சதவீதத்துக்கும் மேல் சரிவு. போருக்குப் பிறகு தண்டனைக் குடியிருப்பு ஒழிக்கப்பட்டு, கைதிகள் பலர் ஊர் திரும்பியதும் இதில் சேரும். அதனால் மொத்தச் சரிவையும் போர்ச் சாவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்கள் புதிதாகக் குடியேறிய பிறகும் எண்ணிக்கை இவ்வளவுதான்.

ரூஸ்வெல்ட் இதில் எதையும் பார்க்கவில்லை. 1945 ஏப்ரல் 12-ல், ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு 63 வயதில் இறந்தார். அணுகுண்டை வீசும் முடிவு அடுத்து வந்த ட்ரூமனின் கைக்குப் போனது. ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. ஒரு தரையிறங்கு கப்பலும் தேவைப்படாமலே அந்தமான் விடுபட்டது. ஹேவ்லாக் கடலில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அது சில நாட்கள் தாமதம்.

அவர்களைக் கொன்றது ஜப்பானிய ராணுவம். முதல் பொறுப்பு அதற்குத்தான், அதில் குழப்பம் வேண்டாம். கெய்ரோவில் எடுத்த முடிவு, ரூஸ்வெல்ட் ஆசியாவில் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் நியாயப்படுத்தக்கூடிய ஒன்று என்றுதான் தேதிகள் காட்டுகின்றன. நமக்குப் பக்கத்தில் நடந்தது என்பதற்காக அதை அவருடைய பெரிய தவறாக ஆக்க வேண்டியதில்லை. தூரத்தில் நடந்தவை என்பதற்காக 9066-ம் ஆணையையும், மறுக்கப்பட்ட கோதுமைக் கப்பல்களையும் விட்டுவிடவும் கூடாது.

பத்துபஸ்தி, கராச்சரமா பக்கமிருந்து வண்டூர் திசையில் போனால் ஹம்ஃப்ரிகஞ்ச் வரும். சுட்டுக் கொல்லப்பட்ட 44 பேருக்கு அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் வழிதான். அடுத்த தடவை அந்தமான் ட்ரிப் போடும்போது அங்கேயும் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்க.